நதியாக்காவுக்கு எழுதிக் கொடுத்த கடிதம்

786
உத்தமபாளையம்
12-2-1997

அன்புள்ள அத்தாவுக்கு, உங்கள் ஒரே மகளும் இந்தத் தாலுகாவிலேயே அடக்கமானவளுமான பாஜிலா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாள் வந்தது, நீங்கள் வரவில்லை. உங்கள் பங்குக் கறியையும் நானே சாப்பிட்டு வயிற்றுவலியில் படுத்தேன். அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

மேகலா ஏர்வேஸில் வெறும் லோடராக மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வரைக்கும் வருஷம் தவறாமல் வந்தீர்கள். ஊழியர் சங்கத்தில் துணைச் செயலாளர் ஆனதும் நின்றுவிட்டது. லோடர் லீடராக ஒரே ஒரு எழுத்துத்தான் மாறவேண்டும், அதற்கே எங்களுக்கு இந்தப் பாடு.

பெருநாளன்று காலையில் மேலே ஒரு விமானம் போனது. "அம்மா, அத்தா போறாக! ஜன்னல் சீட்டு!" என்று கத்தினேன். உங்கள் மனைவி அக்தர் பேகம் அவர்கள் மாவுக் கையோடு மொட்டை மாடிக்கு ஓடி, அது மலைக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் கையை ஆட்டினார்கள். அப்புறம்தான் உறைத்தது. "மூட்டை தூக்குற மனுசன எவன்டி பிளேன்ல ஏத்துவான்?" என்று கரண்டியோடு துரத்தினார்கள். சிரித்துக்கொண்டேதான் துரத்தினார்கள். பிறகு அடுப்படியில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

மணியார்டர் நேற்று வந்தது. தபால்காரர் கோட்டைச்சாமி அண்ணன் நோட்டுகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, "கம்பெனி படுத்துருச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்கான். ஒங்கத்தாவுக்கு மட்டும் எந்திரிச்சு ஒக்காந்து சம்பளம் குடுக்குதாக்கும்" என்றார்.

எனக்கும் அதே சந்தேகம்தான். எதிர்வீட்டு நாகராஜ் அண்ணனை நீங்கள்தான் அந்த வேலையில் சேர்த்துவிட்டீர்கள். உங்கள் அறையில்தான் தங்கியிருக்கிறார். அவர் வீட்டுக்கு நவம்பரிலிருந்து ஒரு பைசா வரவில்லை என்று அவர் மனைவி நதியாக்கா சொல்கிறாள். உங்களைப் பார்த்துக் கம்பெனி பயப்படுகிறதா? பயப்பட்டால் அடுத்த மாசம் எனக்கொரு சைக்கிள் கேளுங்கள்.

பாஜிலா


பல்லாவரம்
19-2-1997

அன்பு மகள் பாஜிலாவுக்கு அத்தா எழுதுவது. வ அலைக்குமுஸ்ஸலாம்.

உன் கடிதத்தை வேலை முடிந்து வந்து படித்தேன். "என்னண்ணே, தனியாச் சிரிக்கிறீக?" என்றான் நாகராஜ். விமானக் கதையை மட்டும் அவனுக்குச் சொன்னேன்.

பெருநாளுக்கு வர வழியில்லை. ஐந்து விமானங்களில் மூன்று ஓரமாக நிற்கின்றன. எஞ்சினுக்குச் சிவப்புத் துணி மூடியிருக்கிறது. கம்பெனி தன்னைத் திவால் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறது. வாங்க ஆள் வரலாம் என்கிறார்கள். ஏற்ற மூட்டை அவ்வளவாக இல்லை. ஆனாலும் நூற்றுப் பத்தொன்பது பேரும் தினம் வந்து ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடுகிறோம். வராதவனுக்குப் பாக்கிச் சம்பளம் கிடையாது என்று சங்கத்தில் சொல்லியிருக்கிறோம்.

நாகராஜ்தான் சமைக்கிறான். இருவருக்கும் ஒரே பானை.

நான் அனுப்புவது முன்பு சேர்த்து வைத்த பணம். அதைத் தெருவில் பேச வேண்டாம். அம்மாவிடமும் சொல்லிவை. நதியாவிடம் நிச்சயமாக வேண்டாம்.

பரீட்சைக்குப் படி.

அத்தா


786
உத்தமபாளையம்
3-3-1997

அன்புள்ள அத்தாவுக்கு, பாஜிலா.

உங்கள் கடிதம் வந்து சேர்வதற்குள் என் கை முந்திவிட்டது.

நதியாக்காவுக்கு நான்தான் கடிதம் எழுதிக் கொடுப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். நாலு வரிக்கு மேல் எழுதினால் அவளுக்குக் கை கோணிக்கொள்ளும். நாகராஜ் அண்ணனின் பதிலையும் நான்தான் வாசித்துக் காட்டுவேன். போன மாசம் பதினாறாம் தேதி வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எழுது ஆத்தா. கமாலண்ணன் வீட்டுக்கு மாசம் பத்தாம் தேதியான்னா தபால்காரரு வந்து நிக்கிறாரு. ஒரே கம்பெனி, ஒரே ரூமு, ஒரே மூட்டை. அவுகளுக்கு வர்ற சம்பளம் ஒனக்கு மட்டும் ஏன் வரலே? குடிச்சுத் தொலைக்கிறியா? இல்லே, அங்கன எவளையும் வச்சிருக்கியா? ரெண்டுல ஒண்ணு எழுது."

"இதை அப்படியேவாக்கா எழுத?"

"ஒரு எழுத்துக் கொறையக் கூடாது."

நான் குறைக்கவில்லை, கூட்டித்தான் எழுதினேன். கடைசியில் என் சொந்தச் சரக்காக, 'சம்பளம் வரவில்லை என்றால் சம்பந்தமும் இல்லை' என்று ஒரு வரி போட்டேன். வாசித்துக் காட்டியதும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அழ வந்தவளைச் சிரிக்க வைத்துவிட்டோமே என்று எனக்கு அன்றைக்கு முழுக்கப் பெருமை.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அந்தப் பெருமை போய்விட்டது. சேர்த்து வைத்த பணத்தை எதற்கு ஒளிக்க வேண்டும்? நான் எதையாவது கெடுத்துவிட்டேனா அத்தா? திட்டுவதானால் சீக்கிரம் திட்டி எழுதுங்கள். பதினோராம் தேதி பிசிக்ஸ். இரண்டு பயம் ஒன்றாக வேண்டாம்.

பாஜிலா


பல்லாவரம்
17-3-1997

பாஜிலா,

நீ எழுதிய கடிதம் வந்த அன்று நாகராஜ் அடுப்பு முன்னால் உட்கார்ந்து படித்தான். இரண்டு தடவை படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். சோறு வடித்தான். எனக்கும் தட்டு வைத்தான்.

"ஒங்களுக்குச் சம்பளம் வருதாண்ணே?"

"எவன் சொன்னான்? எனக்கும் ஒன்னைய மாதிரித்தான்."

அவன் தலையை ஆட்டிவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை சரக்குக் கொட்டகையில் சங்கக் கூட்டம். எடை போடும் பிரிவில் இருக்கிற ஜெபமணி எழுந்தான். "நமக்குச் சம்பளம் போடக் காசில்லேங்கிற கம்பெனி சங்கத்துக்கு மாசாமாசம் காசு குடுக்குதாமே. எதுக்குன்னு சொல்லுங்க" என்றான். செயலாளர் ஆதாரம் கேட்டார். ஜெபமணி ஒரு கடிதத்தைப் பிரித்தான். அது யார் எழுத்து என்று எனக்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. ழகரத்துக்கு இவ்வளவு நீளம் வால் போடுகிறவள் நீ ஒருத்திதான்.

அவன் அதைச் சத்தமாக வாசித்தான். 'சம்பந்தமும் இல்லை' என்ற இடத்தில் நூறு பேர் சிரித்தார்கள். கடிதத்தை அவனிடம் கொடுத்திருந்த நாகராஜ் தலையைத் தூக்கவே இல்லை.

என்னிடம் நேராகக் கேட்டார்கள். மாமனார் வீட்டு நிலத்தின் குத்தகைப் பணத்தைத்தான் வீட்டுக்குக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். சில பேர் நம்பினார்கள்.

இனி யாருக்கும் கடிதம் எழுதிக் கொடுக்காதே. ஒரு மகள் செய்கிற வேலையா இது?

அத்தா


உத்தமபாளையம்
2-4-1997

அத்தாவுக்கு,

பரீட்சை முடிந்தது. பிசிக்ஸ் சரியாக எழுதவில்லை.

அம்மாவின் அத்தாவுக்கு இருந்த நிலத்தில் ஒரு சைக்கிளை நிறுத்தலாம். அதுவும் சாய்த்துத்தான் நிறுத்த வேண்டும். அந்த நிலமா நமக்கு மாசாமாசம் சோறு போடுகிறது?

நேற்று நதியாக்கா நாகராஜ் அண்ணனின் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். வழக்கம்போல நான் வாசித்தேன். அதில் என்ன இருக்கும் என்று தெரியாமல்தான் ஆரம்பித்தேன். "நான் குடிக்கலே, எவளையும் வச்சிருக்கலே" என்று தொடங்கியிருந்தார். அக்கா அதைக் கேட்டதுமே கண்ணைத் துடைத்தாள். அடுத்து இருந்ததை அப்படியே எழுதுகிறேன்:

"ஏழு பேருக்கு மட்டும் கம்பெனி சம்பளம் போடுதுன்னு ஜெபமணி விசாரிச்சுச் சொன்னான். அதைச் சங்கச் செலவுன்னு எழுதிக்கிறாக. அதுக்குப் பதிலா அந்த ஏழு பேரும் நம்ம எல்லாருக்கும் சேத்து ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாக. பேங்குக் கடனெல்லாம் தீந்த பொறகு மிச்சம் இருந்தா நம்ம பாக்கியைக் குடுத்தாப் போதுமாம். அந்த ஏழு பேருல ஒருத்தரு"

அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

"ஏன் நிறுத்துன?"

"எழுத்துப் புரியலக்கா."

"ஒனக்கா புரியலே?"

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினாள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். க. மா. ல். உங்கள் பெயரை அவ்வளவு மெதுவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை அத்தா.

அம்மா டீ கொண்டுவந்தார்கள். அக்கா வாங்கினாள், குடிக்கவில்லை. "நான் வர்றேங்க்கா" என்று அம்மாவிடம் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை. இன்று காலை ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்து வேனில் கூலிக்குப் போய்விட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கூலிக்குப் போனதில்லை.

மகள் செய்கிற வேலையா என்று கேட்டிருந்தீர்கள். கடிதத்தில் இருந்தது என் கையெழுத்துத்தான். அந்தப் பேப்பரில் இருப்பது யார் கையெழுத்து?

பாஜிலா


பல்லாவரம்
21-4-1997

பாஜிலாவுக்கு அத்தா எழுதுவது.

என் கையெழுத்துத்தான்.

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். பக்ரீத் தொழுகை முடிந்த பிறகுதான் எழுத முடிகிறது.

நவம்பரில் மேனேஜர் எங்கள் ஏழு பேரையும் அறைக்குள் கூப்பிட்டார். அந்த அறை நாற்காலியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. டீ கொடுத்தார்கள். ஊழியர்கள் பாக்கிக்காகக் கோர்ட்டுக்குப் போனால் வாங்க வருகிறவன் ஓடிவிடுவான், சங்கம் பொறுத்துக்கொண்டால் எல்லாருடைய வேலையும் தப்பும் என்றார். அந்தப் பேச்சில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகு, "நீங்க ஏழு பேரும் சங்க வேலைக்கு அலையணும், ஒங்க சம்பளம் மட்டும் நிக்காது, வெளியில சொல்ல வேண்டாம்" என்றார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

முதல் மாசம் உன் டியூஷன் பீஸ் இருந்தது. அடுத்த மாசம் மறுத்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த மாசமும் ஏதோ இருந்தது. இப்படியே போனது.

வாங்க ஒருவனும் வரவில்லை.

ஜெபமணியும் நாகராஜும் நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, கம்பெனி சங்கத்துக்கு என்ன கொடுத்தது என்று கேட்டுத் தொழிலாளர் அதிகாரியிடம் மனுக் கொடுத்திருக்கிறார்கள். மே பதினான்காம் தேதி விசாரணை. அது எல்லாருடைய சம்பளத்திலும் முன்பே பிடித்து வைத்திருந்த சங்கச் சந்தாப் பணம்தான் என்று ஏழு பேரும் ஒரே மாதிரி சொல்லவேண்டும் என்கிறார் செயலாளர். ஏழு பேரும் அப்படிச் சொன்னால் மனு தள்ளுபடி. ஒருவன் உள்ளதைச் சொன்னால் அந்தப் பேப்பரை எதிர்த்து வழக்குப் போட அவர்களுக்கு வழி இருக்கிறது. சொன்னவனுக்கு அந்த மாசத்தோடு சம்பளம் நிற்கும். அப்புறம் நீ மதுரைக் காலேஜில் சேர முடியாது.

நீ என்ன சொல்கிறாய் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. கேட்டால் என் மூட்டையை உன் தலையில் ஏற்றியதாகிவிடும்.

நாகராஜ் இப்போது ஓர் ஆளுக்குத்தான் அரிசி போடுகிறான்.

அத்தா


786
உத்தமபாளையம்
30-4-1997

அன்புள்ள அத்தாவுக்கு,

நீங்கள் கேட்கவில்லை, நானும் பதில் சொல்லவில்லை. ஊர்ச் செய்தி மட்டும்:

மதுரைக் காலேஜ் அப்ளிகேஷன் வாங்க நேற்றுக் கடைசி நாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். கரும்புச்சாறு குடித்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

உள்ளூரிலும் காலேஜ் இருக்கிறது. அங்கே உள்ள வாத்தியார்களையும் யாராவது பாடாய்ப் படுத்த வேண்டாமா?

பாஜிலா


பல்லாவரம்
16-5-1997

அன்பு மகளுக்கு,

சொல்லிவிட்டேன்.

எனக்கு முன்னால் ஐந்து பேர் சந்தாப் பணம் என்றார்கள். ஆறாவதாக என்னைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் அறையில் நடந்தது, டீ கொடுத்தது முதற்கொண்டு சொன்னேன். வாங்கிய ஆறு மாசச் சம்பளத்தையும் சொன்னேன். மாமனார் நிலம் என்று சொன்னது பொய் என்றும் சொன்னேன். அதிகாரி, "நிறுத்திச் சொல்லுங்க, எழுதணும்" என்றார். நிறுத்தி நிறுத்திச் சொல்வது முதல் தடவை சொல்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. எனக்குப் பின்னால் வந்த ஏழாவது ஆளும் சந்தா என்றுதான் சொன்னார்.

மனு நிற்கிறது. வழக்குப் போடலாம். ஆனால் கம்பெனியிடம் இனிமேல் எடுக்க என்ன இருக்கிறது என்று அதிகாரியே ஜெபமணியிடம் கேட்டார். வருஷக்கணக்கில் இழுக்குமாம். நான் நவம்பரிலேயே சொல்லியிருந்தால் ஏதாவது கிடைத்திருக்கும், அப்போது இரண்டு விமானங்களாவது பறந்துகொண்டிருந்தன. இப்போது ஐந்தும் நிற்கின்றன.

சங்கத்திலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். அந்த ஆறு பேர் காட்டிக் கொடுத்தவன் என்கிறார்கள். மற்றவர்கள் திருடன் என்கிறார்கள்.

ஆபீஸ் வாசலில் நாகராஜ் நின்றான். என்னிடம் பேசி ஒரு மாசத்துக்கு மேலாகிறது. அவனிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"காசு போனாப் போகுதுண்ணே. நாலு மாசம், ஜெபமணிகிட்ட கடன் வாங்கி அரிசி வாங்கினேன். நீங்களும் சம்பளமில்லாத ஆளுன்னு ஒங்களுக்கும் சேத்துத்தான வாங்கினேன். எப்புடிண்ணே சாப்பிட்டீக?"

அவன் சத்தம் போடவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டான். பிறகு அறைக்கு வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு ஜெபமணி வீட்டுக்குப் போய்விட்டான். நான் அறையில் தனியாக இருக்கிறேன். சமைக்கத் தோன்றவில்லை.

இங்கே எனக்கு இனி வேலை இல்லை. ஊருக்கு வரலாமா என்று அம்மாவிடம் கேட்டு எழுது. உன்னிடமும் கேட்கிறேன்.

அத்தா


786
உத்தமபாளையம்
24-5-1997

அன்புள்ள அத்தாவுக்கு,

அம்மாவிடம் உங்கள் கடிதத்தை முழுசாக வாசித்தேன், எந்த வரியையும் தாண்டவில்லை.  "எங்கத்தா நெலத்த எதுக்கு அங்கன இழுத்தாக?" என்று கேட்டு அம்மா அழுதார்கள். அழுது முடித்துவிட்டு, "வரச் சொல்லு. மனுசன் சாப்புட்டானோ என்னமோ" என்றார்கள்.

எனக்கும் பங்கு இருக்கிறது. நாகராஜ் அண்ணனைப் பார்த்து நூறு பேர் சிரித்தது என்னுடைய வரிக்குத்தான். நதியாக்கா சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். யோசித்துப் பார்த்தால், ஒருவரையும் அழ வைக்காத குறும்பு ஒன்றுகூட நான் செய்ததில்லை போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் எதிர்வீட்டுக்குப் போனேன். நதியாக்கா சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். விசாரணையில் நீங்கள் சொன்னது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. நாகராஜ் அண்ணன் பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"எதுக்கு? எழுதுனதுக்கா, ஒங்கத்தா சாப்பிட்டதுக்கா?"

அக்காவே சொன்னாள்: "எழுதச் சொன்னது நான்தான். மத்ததை நான் மன்னிக்க ஏலாது. சோறு போட்டது அவரு."

மறுநாள் நானும் வேன் வருகிற இடத்தில் போய் நின்றேன். காலேஜ் திறக்கிற வரைக்கும் ஓடைப்பட்டியில் பழம் வெட்டப் போகிறேன். அம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். சண்டை போட்டுத்தான். அக்கா என்னைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வேனில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு இடம் விட்டாளா, என் மேல் படாமல் விலகினாளா, தெரியவில்லை. நான் உட்கார்ந்துகொண்டேன். தோட்டத்தில் கத்தரிக்கோலை நான் பிடித்த அழகைப் பார்த்து, "காம்பை வெட்டு, வெரலை வெட்டாத" என்றாள். மூன்று நாளில் அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

நீங்கள் வாங்க அத்தா. ஆனால் மெட்ராஸ் பஸ்ஸில் விடியுமுன்னே இங்கே வந்து இறங்கிவிடாதீர்கள். தேனியிலேயே இறங்கி, முகம் கழுவி, டீ குடித்துவிட்டு, பத்து மணிக்கு மேல் டவுன் பஸ் ஏறுங்கள். இருட்டோடு வீட்டுக்குள் நுழைந்தால் ஒளிந்து வந்தீர்கள் என்பார்கள்.

பகலில் வாங்க. தெருவில் எல்லாரும் வாசலில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நதியாக்காவும் இருப்பாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் நான் உங்கள் கூடவே நடந்து வருகிறேன்.

பாஜிலா